ரிவர்ஸிலும் இரண்டாவது கியரிலும் கரகர சத்தம்: கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டுமா?

வைகைக்கரை (மதுரை)

வணக்கம் நண்பர்களே. என் வண்டி 2013 மாடல் பெட்ரோல் ஹாட்ச்பேக். ஐந்து கியர், கேபிள் கிளட்ச், ஓடியது 94,000 கிலோமீட்டர். கொஞ்ச நாளாக கியர் கடிக்கிறது. காலையில் வாசலில் இருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு 'கர்ர்ர்'. எதிர் வீட்டுத் தாத்தா பேப்பரை இறக்கிவிட்டுப் பார்க்கிறார். ஓட்டத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினாலும் சில நேரம் கரகரக்கிறது. சிக்னலில் நின்று முதல் கியர் போடும்போது லேசாக முட்டிவிட்டுத்தான் விழுகிறது. மூன்று, நான்கு, ஐந்தில் பிரச்சினை இல்லை.

மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பாக்ஸ் இறக்கணும் சார், சின்க்ரோ ரிங் எல்லாம் போயிருக்கும், அப்படியே கிளட்ச் செட்டும் மாத்திடலாம், முப்பதாயிரத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்றார். அவ்வளவு செலவு செய்வதற்கு முன்னால் நானே பார்த்துக்கொள்ளக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

டீசல்_மாமா (சேலம்)

கியர் ஆயிலை மாற்றிப் பாருங்கள். ஜிஎல்-5 வகை ஆயில் போடுங்கள், ஜிஎல்-4 வகையைவிட உயர்ந்தது. பாதி சத்தம் அதிலேயே அடங்கிவிடும்.

கிரீஸ்_கை (கோயம்புத்தூர்)

ஆயில் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். மாமா சொன்ன ஜிஎல்-5-ஐ மட்டும் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள்.

வைகைக்கரை, நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் ஒரே கோளாறு மாதிரி தெரியவில்லை. இரண்டு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்து குழப்புகின்றன. ரிவர்ஸ் சத்தத்தைத் தனியாக வையுங்கள், இரண்டாவது கியர் சத்தத்தைத் தனியாக வையுங்கள்.

சின்க்ரோ ரிங் என்பது பெரும்பாலும் பித்தளை வளையம். உட்புறம் கூம்பாக இருக்கும், அதில் நூல்போல வரிகள் வெட்டியிருக்கும். நீங்கள் லீவரைத் தள்ளும்போது அது கியரின் கூம்பைக் கவ்வி, கியரின் வேகத்தையும் ஸ்லீவின் (லீவரோடு நகர்ந்து வந்து கியரைப் பூட்டும் பல் வளையம்) வேகத்தையும் ஒன்றாக்கும். ஒன்றாகும்வரை ஸ்லீவைப் பல்லுக்குள் விடாமல் தடுத்து நிற்கும். நகரும் பேருந்தில் ஏறுகிறவர் கம்பியைப் பிடிக்கும் முன் கூடவே நாலடி ஓடுகிறாரே, அந்த நாலடி ஓட்டம்தான் சின்க்ரோவின் வேலை. வரிகள் தேய்ந்துவிட்டால் கவ்வாது. வேகம் ஒத்துப்போவதற்குள் பல்லும் பல்லும் மோதும்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் வண்டி மாதிரி சின்னக் கார்கள் பலவற்றில் ரிவர்ஸுக்கு சின்க்ரோவே கிடையாது. நேர்ப்பல் கியர் ஒன்று நகர்ந்து வந்து மாட்டும், அவ்வளவுதான். இல்லாத ரிங் எப்படித் தேயும்? வண்டி நின்றுகொண்டிருக்கும்போது ரிவர்ஸ் கடித்தால், பாக்ஸுக்குள் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச்சிலிருந்து உள்ளே வரும் தண்டு) இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெடலை மிதித்த உடனே போட்டால் நல்ல வண்டியிலும் சுற்றும், அது தானாக நிற்க இரண்டு மூன்று விநாடி ஆகும். அதற்குப் பிறகும் சுற்றினால் எஞ்சின் அதைச் சுற்றிவிடுகிறது. நம் பட்டறைப் பேச்சில், கிளட்ச் கட் ஆகவில்லை.

ஆகவே இதைச் செய்து பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போதே இறுக்கமாக இருந்தால் கோளாறு லீவர், ஷிப்ட் கேபிள், புஷ் பக்கம். சுலபமாக விழுந்தால் அந்தப் பக்கம் சரி. (ரிவர்ஸ் மட்டும் பல்லுக்குப் பல் முட்டி நின்றால் கிளட்ச்சை ஒருமுறை விட்டு மிதித்துவிட்டுப் போடுங்கள். அது கோளாறு இல்லை.) அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, சூடானதும், நியூட்ரலில் பெடலில் இருந்து காலை எடுத்துக் கொஞ்ச நேரம் விடுங்கள். பிறகு முழுதாக மிதித்து, நிதானமாகப் பத்து எண்ணி, அப்புறம் ரிவர்ஸ். பத்து எண்ணிய பிறகும் கடித்தால் பாக்ஸைத் தொட வேண்டாம், கிளட்ச் பக்கம் தேட வேண்டும். இன்னொன்று, சமதளத்தில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், முதல் கியர் போட்டு, பெடலை முழுதாக மிதித்தபடியே லேசாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். வண்டி ஊர்ந்தால் அதுவும் அதே சாட்சிதான். வலது கால் உடனே பிரேக்குக்குப் போகத் தயாராக இருக்கட்டும்.

இரண்டாவது கியருக்கு வேறு சோதனை. மூன்றில் நாற்பதில் போகும்போது டபுள் கிளட்ச் போட்டு இறக்குங்கள். மிதித்து நியூட்ரல், கிளட்ச்சை விட்டு ஆக்சிலரேட்டரில் ஒரு தட்டு, மறுபடி மிதித்து இரண்டு. மூன்றில் 2,000 ஆர்பிஎம் என்றால் இரண்டில் தோராயமாக 2,900 வரும், அந்த அளவுக்குத் தட்டினால் போதும். அப்படிச் செய்து சத்தமில்லாமல் விழுந்து, சாதாரணமாக இறக்கும்போது மட்டும் கடித்தால், அங்கே ரிங் பலவீனமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மலைக்கோட்டை_ரைடர் (திருச்சி)

சிரிக்காதீர்கள், முதலில் காலடியில் கிடக்கும் மேட்டைப் பாருங்கள். அந்த 7டி மேட் போட்ட வண்டிகளில் பெடலுக்கு அடியில் ஒரு விரல் தடிமனுக்குப் பஞ்சு உட்கார்ந்திருக்கும். கால் தரையைத் தொட்டுவிட்டது என்று நமக்குத் தோன்றும், பெடல் இன்னும் போக வேண்டிய தூரம் பாக்கி இருக்கும். என் மச்சான் வண்டியில் ரிவர்ஸ் சத்தம் முழுக்க அதனால்தான்.

கிரீஸ்_கை

இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ரைடர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மேட்டைக் கழற்றி வெளியே போட்டுவிட்டே எல்லா சோதனையும் செய்யுங்கள்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்து பார்த்தேன்.

எஞ்சின் அணைந்திருந்தால் எல்லா கியரும் நன்றாக விழுகின்றன. மேட்டோடு பத்து எண்ணிப் போட்டாலும் ரிவர்ஸ் கடிக்கிறது. மேட்டைத் தூக்கிவிட்டுப் போட்டால் பெரும்பாலும் சத்தமில்லை, சில நேரம் 'கிர்' என்று ஒரு சின்னக் கடி. முதல் கியர் முட்டுவது நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் மேட் இல்லாமலும், முதல் கியரில் பெடலை மிதித்தபடி ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வண்டி மெதுவாக முன்னால் நகரப் பார்க்கிறது.

டபுள் கிளட்ச் பழக அரை மணி நேரம் ரிங் ரோட்டில் சுற்றினேன். சரியாக அமைந்தபோதெல்லாம் இரண்டாவது சத்தமே இல்லாமல் விழுந்தது. சாதாரணமாக இறக்கினால் கடிக்கிறது, குறிப்பாக வண்டி சூடாவதற்கு முன்.

இன்னொரு விஷயம். பெடல் முன்பைவிடக் கனமாக இருக்கிறது. வண்டி நகர ஆரம்பிப்பது தரையிலிருந்து கொஞ்சம் தூக்கியதுமே. முன்பு பாதி தூரத்தில் எடுக்கும்.

கிரீஸ்_கை

கடைசிப் பத்தியில் விடையைக் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

கேபிள் கிளட்ச்சில் பிளேட் தேயத் தேய, பிடிக்கும் இடம் மேலே ஏறும், ஃப்ரீ ப்ளே (பெடல் வேலை தொடங்கும் முன் சும்மா போகும் தூரம்) குறையும். உங்களுக்கு நேர்மாறாகக் கீழே இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் பெடல் போகிற தூரம் முழுதாக பாக்ஸ் பக்கம் போய்ச் சேரவில்லை. கேபிள் நீண்டிருக்க வேண்டும், அல்லது யாரோ அட்ஜஸ்ட் நட்டைத் தளர்த்தியிருக்க வேண்டும், அல்லது உள் கம்பி இழை இழையாக அறுந்துகொண்டிருக்க வேண்டும். பெடல் கனமானதைப் பார்த்தால் மூன்றாவதுதான் என் சந்தேகம். அறுந்த இழைகள் உறைக்குள் சுருண்டு உரசும்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு பெடலுக்கு மேலே, கேபிள் கொக்கி மாட்டும் இடத்தில் பாருங்கள். அறுந்த இழைகள் பெரும்பாலும் அங்கேதான் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். விரலை விட்டுத் தடவாதீர்கள், குத்தும். பிறகு வேறொருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, பானட்டைத் திறந்து பாக்ஸ் மேலே இருக்கும் கிளட்ச் லீவரைப் பாருங்கள். மிதிக்கும்போது லீவருக்குப் பதிலாக ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள சுவர்) கேபிள் உறை உட்காரும் தகடு வளைந்து கொடுத்தால் கோளாறு அந்தத் தகட்டில்.

யாழ்_ஓட்டுனர் (யாழ்ப்பாணம்)

வணக்கம். எங்கட பக்கம் பழைய யப்பான் வாகனங்கள் கனக்க ஓடுகின்றன, நிறைய வாகனங்களில் ஹைட்ரோலிக் கிளச். இதே வருத்தம் அவற்றுக்கும் வரும், கண்டுபிடிக்கிற விதம் மட்டும் வேறு. ரிவர்ஸ் கடித்தால் பெடலை மூன்று நான்கு தரம் வேகமாக மிதித்துவிட்டுப் போட்டுப் பாருங்கோ. அப்ப மட்டும் சுகமாக விழுந்தால் லைனில் காற்று நிற்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரோ கீழ்ச் சிலிண்டரோ கசிகிறது. கீழ்ச் சிலிண்டரின் ரப்பர் மூடியைச் சற்று இழுத்துப் பார்த்தால் ஈரம் தெரியும். பிரேக் ஒயிலுக்கும் கிளச்சுக்கும் ஒரே டப்பா உள்ள வாகனங்களும் உண்டு, மட்டம் இறங்கினால் பிரேக்கை மட்டும் சந்தேகிக்க வேண்டாம். அதோடு, அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை அந்த டப்பாவில் ஊத்தக்கூடாது. ரப்பர் எல்லாம் ஊதிப்போகும்.

சில புது வாகனங்களில் கீழ்ச் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்கு (கிளச்சை மூடியிருக்கிற கூடு) உள்ளேயே இருக்கும். அது கசிந்தால் பாக்ஸ் இறக்காமல் வழியில்லை.

வேளச்சேரி_வாசி (சென்னை)

ஒரு கிளைக் கேள்வி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீரில் நின்ற ஒரு வண்டியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது எந்தக் கியரும் விழவில்லை. அணைத்துவிட்டுப் போட்டால் விழுகிறது. பாக்ஸ் போய்விட்டதா?

கிரீஸ்_கை

எல்லா கியரும் ஒரே நேரத்தில் மறுத்தால் ரிங்கைச் சந்தேகப்படவே வேண்டாம். தண்ணீரில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வது சகஜம். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் இப்படி வண்டிகள் வந்தன. பிளேட் நகர வேண்டிய ஸ்ப்லைனில் (ஷாஃப்ட்டின் மேல் வெட்டிய நீளப் பள்ளங்கள்) துரு ஏறியிருந்தாலும் இதே நிலைதான். ஆனால் வாங்குவதற்கு முன் கியர் ஆயிலை ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் பிரீதர் (பாக்ஸின் காற்றுத் துளை) வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அந்த ஆயிலோடு மாதக்கணக்கில் நின்றிருந்தால் பேரிங்குகளும் கெட்டிருக்கும். நான் என்றால் வாங்க மாட்டேன்.

டீசல்_மாமா

என் ஜிஎல்-5-க்கு என்ன குறை என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே. நம்பர் கூடினால் தரம் கூடும்தானே? என் ஜீப்பில் அதைத்தான் ஊற்றுகிறேன்.

கிரீஸ்_கை

மாமா, உங்கள் ஜீப்பின் பின் ஆக்சிலுக்கு அது மிகவும் சரி. ஆக்சிலில் இருக்கும் ஹைப்பாய்டு கியரில் பல்லும் பல்லும் பயங்கர அழுத்தத்தில் உரசிச் சறுக்கும், அதற்காகத்தான் ஜிஎல்-5-இல் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சின்க்ரோ ரிங்குக்கு வேண்டியது நேர் எதிர். அது வழுக்கக்கூடாது, கவ்வ வேண்டும். அதிக வழுவழுப்பான ஆயிலில் நல்ல ரிங்கே பிடிக்கத் திணறும். சில சேர்மானங்கள் சூட்டில் பித்தளையை அரிக்கவும் செய்யும். எல்லா பாக்ஸுக்கும் ஜிஎல்-4தான் என்றும் நான் சொல்லவில்லை. ஜிஎல்-5 கேட்கும் பாக்ஸ்களும் உண்டு, தனக்கென்று வேறு ஆயில் கேட்கும் பாக்ஸ்களும் உண்டு. வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். கடைக்காரர் "இது அதைவிட நல்லது சார்" என்பார், கேட்காதீர்கள்.

தடிமனும் முக்கியம். 75டபிள்யூ-90 கேட்கும் பாக்ஸில் 85டபிள்யூ-140 ஊற்றினால் காலையில் ரிங்குக்கு அந்தக் குழம்பை வழித்துத் தள்ளவே நேரம் போதாது. ஊட்டிக்காரர்களிடம் கேளுங்கள், மார்கழியில் முதல் இரண்டு கிலோமீட்டர் இரண்டாவது கியர் என்ன பாடு படுத்தும் என்று.

வைகைக்கரை

கேபிளைப் பார்த்தாயிற்று. நீங்கள் சொன்ன அதே இடத்தில், கொக்கிக்கு அரை அங்குலம் கீழே, இழைகள் பாதிக்குமேல் அறுந்து சிலிர்த்துக்கொண்டு நிற்கின்றன. எவ்வளவு நாள் தாங்கியிருக்குமோ தெரியாது. வேறொரு பட்டறையில் புதுக் கேபிள் போட்டு ஃப்ரீ ப்ளே வைத்துக் கொடுத்தார்கள். பெடல் லேசாகிவிட்டது, பாதி தூரத்தில் எடுக்கிறது. ரிவர்ஸ் சத்தம் முழுக்கப் போய்விட்டது. முதல் கியர் முட்டுவதும் இல்லை.

கியர் ஆயிலும் மாற்றினேன். பட்டறைப் பையன் நேரே ட்ரைன் போல்ட்டில் ஸ்பேனர் வைத்தான். அங்கே இருந்த பெரியவர் தடுத்து, "முதல்ல ஊத்துற போல்ட் கழலுதான்னு பாருடா, அது கழலலைன்னா இருக்கிற ஆயிலையும் வடிச்சிட்டு வண்டியை எப்படி அனுப்புவே?" என்றார். கேட்க நன்றாக இருந்தது.

வடிந்த ஆயில் கறுப்பு. போல்ட் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி படிந்திருந்தது. ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தங்கப் பொடி தூவியது போல மினுமினுப்பு. கையேட்டில் சொன்ன 75டபிள்யூ-90 ஜிஎல்-4-ஐ, ஊற்றும் துளையின் விளிம்பில் வழியும்வரை விட்டார்கள்.

இப்போது இரண்டாவது கியர். சூடான பிறகு அனேகமாகக் கடிப்பதில்லை. காலையில், நாற்பதுக்கு மேல் வேகத்தில் இறக்கினால் இன்னும் கடிக்கிறது. இரண்டுக்கு ஏற்றும்போது ஒருநாளும் சத்தம் வரவில்லை.

கிரீஸ்_கை

காந்தத்தில் இருந்த களிம்பு இரும்புத் தூள், இந்த ஓட்டத்துக்கு அது இயல்பு. கட்டியாக, விளிம்போடு கூடிய துண்டு ஏதாவது வந்திருந்தால்தான் பல் உடைந்திருக்கிறது என்று பயப்பட வேண்டும். தங்கப் பொடி காந்தத்தில் ஒட்டாது, அது பித்தளை. ரிங் தேய்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

ஏற்றும்போது வராமல் இறக்கும்போது மட்டும் வருவதற்கும் காரணம் உண்டு. ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்றும்போது இன்புட் ஷாஃப்ட்டின் வேகம் குறைய வேண்டும். ஆயிலின் இழுவையே அதற்கு உதவும், ரிங்குக்குப் பாதி வேலை. இறக்கும்போது அதே ஷாஃப்ட்டையும் கிளட்ச் பிளேட்டையும் ரிங் வேகப்படுத்த வேண்டும், ஆயில் அதற்கு எதிராக இழுக்கும். குளிர்ந்த ஆயில் இன்னும் பலமாக இழுக்கும். அதனால் தேய்மானம் முதலில் இறக்கும்போது, அதுவும் காலையில்தான் வெளியே வரும்.

டீசல்_மாமா

பித்தளை வருகிறது என்றால் இப்போதே பிரித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். அந்தத் தூள் பேரிங்கில் ஏறினால்? இன்று ரிங் மட்டும், நாளைக்கு முழு பாக்ஸ்.

கிரீஸ்_கை

மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நான் அவசரப்பட மாட்டேன். தூள் பழைய ஆயிலோடு பெரும்பாலும் வெளியேறிவிட்டது. என் கவலை தூள் அல்ல, ஒவ்வொரு கடிக்கும் கியர் ஓரத்தில் இருக்கும் சின்னப் பற்களின் முனை மழுங்குவது. ரிங் மலிவு. அந்தப் பற்கள் கியரோடு சேர்ந்தே வருபவை, அவை போனால் கியரையே மாற்ற வேண்டும். ஆகவே கடிக்கவிடாமல் ஓட்ட முடியுமானால் இன்னும் நிறைய ஓட்டலாம். காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு வேகம் முப்பதுக்குக் கீழே இறங்கிய பிறகே இரண்டு, அல்லது டபுள் கிளட்ச். லீவரை வெடுக்கென்று இழுக்காமல், நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி, ஒரே சீராக அழுத்துங்கள். ஓட்டும்போது கையை லீவர் மேலேயே வைத்திருப்பதையும் விடுங்கள், உள்ளே ஸ்லீவை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க்கைத் தேய்ப்பது அதுதான்.

சூடான பிறகும் கடிக்க ஆரம்பித்தாலோ, ஏற்றும்போதும் கடித்தாலோ, ஆக்சிலரேட்டரை விட்டதும் இரண்டாவது கியர் தானாக நியூட்ரலுக்குக் கழன்று வந்தாலோ, அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டு போங்கள். நியூட்ரலில் கிளட்ச் விட்ட நிலையில் ஒரு ஊளைச் சத்தம் வந்து, மிதித்ததும் நின்றால் அது இன்புட் பேரிங். அதையும் தள்ளிப்போட வேண்டாம்.

வைகைக்கரை

அடுத்த மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போக வேண்டும். மலையில் இரண்டாவது இல்லாமல் முடியாதே?

மலைக்கோட்டை_ரைடர்

வத்தலகுண்டு தாண்டி மலை ஏறும்போதே எஞ்சின் சூடாகிவிடும், ஆயிலும் சூடாகிவிடும், அதனால் ஏற்றத்தில் பயமில்லை. ஊரிலிருந்து அதிகாலையில் இறங்கும்போதுதான் கவனம். வளைவுக்குள் நுழைந்த பிறகு பதறிப்போய் இரண்டுக்கு இழுக்காதீர்கள். வளைவுக்கு முன்பே பிரேக்கில் வேகத்தைக் குறைத்து, நேர்ச் சாலையிலேயே இரண்டைப் போட்டுவிட்டு, பிறகு எஞ்சின் பிடிமானத்தில் இறங்குங்கள். ரிங் நல்லதாக இருந்தாலும் மலையில் இப்படித்தான் ஓட்ட வேண்டும்.

வைகைக்கரை

சரி, அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று. என்றைக்காவது பாக்ஸைத் திறந்தால் எல்லா ரிங்கும் மாற்ற வேண்டுமா, இரண்டாவதற்கு மட்டும் போதுமா? பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

கிரீஸ்_கை

ரிங்கை அதன் கூம்பின் மேல் விரலால் அழுத்திப் பிடித்து, ரிங்குக்கும் கியரின் பல்லுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு இடைவெளியைக் காட்டச் சொல்லுங்கள். புது ரிங்கில் 1 மில்லிமீட்டர் பக்கத்தில் இருக்கும். பல கார்களின் சர்வீஸ் கையேட்டில் 0.5 மில்லிமீட்டர்தான் கடைசி எல்லை, உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா ரிங்கையும் இப்படி அளந்து, எல்லைக்கு அருகே வந்ததை மட்டும் மாற்றினால் போதும். இரண்டாவதை மாற்றுவதோடு, அதன் ஸ்லீவின் பல் முனைகளையும் கியரின் பல் முனைகளையும் உங்கள் கண்ணால் பாருங்கள். கூராக, வீட்டுக் கூரை வடிவில் இருக்க வேண்டும். உருண்டு போயிருந்தால் புது ரிங் போட்டும் கொஞ்ச நாளில் மறுபடி கடிக்கும். பாக்ஸ் இறங்கிய அன்றைக்கு கிளட்ச் பிளேட்டின் தடிமனையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள், அவற்றுக்காக இன்னொரு முறை கூலி கொடுக்க வேண்டாம். கழற்றிய பழைய ரிங்கைக் கையோடு வாங்கி வந்து இங்கே படம் போடுங்கள்.